ஏலே சிம்பா, பாட்டன் சொல்லுதேன் கேளு

ஏலே சிம்பா, சோபாவ விட்டு எறங்க வேண்டாம். படுத்துக்கிட்டே கேளு. ஒன்னைய எறங்கச் சொல்லுததுக்கு இந்த வீட்டுல எனக்கு அதிகாரம் கெடையாது. எம் மகன் ஒங்கிட்ட வந்து தன்னைய "அப்பா"ங்கான். மருமக தன்னைய "அம்மா"ங்கா. பேத்தி ஒன்னையத் "தம்பி"ங்கா. அப்படிப் பாத்தா நான் ஒனக்குப் பாட்டன். எங்க வம்சத்துல இதுவரைக்கும் வால் உள்ளவன் ஒருத்தனும் பொறந்ததில்ல. பரவால்ல, வந்தது வந்துட்டே. பாட்டன்னு மொறை ஆன பெறகு புத்தி சொல்லாம இருந்தா அது எங் கடமையில கொறை.

மார்கழி பொறந்தாச்சு. இனி தை மொத வாரம் வரைக்கும் இந்தச் சென்னைப் பட்டணத்துல விசேசத்துக்குக் கொறைவில்ல. கிறிஸ்துமஸ், இங்கிலீசு வருசப் பொறப்பு, போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல்னு வரிசையா நிக்கு. பேத்திக்கு அரையாண்டு லீவு. மகனுக்கு வருசக் கடைசி லீவு. ஊரே ஓய்வெடுக்குத காலம். நீ எதுல இருந்து ஓய்வெடுக்கப் போறேங்கதுதான் எனக்கு வெளங்கல. நாய்க்கு வேலையுமில்ல, நிக்க நேரமுமில்லன்னு ஒரு சொலவடை உண்டு. அதுல ரெண்டாவது பாதி ஒனக்குப் பொருந்தாது. நிக்க நேரம், நடக்க நேரம், படுக்க நேரம், பல்லு வெளக்க நேரம்னு எல்லாத்துக்கும் பட்டியல் போட்டு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கா மருமக. அந்தப் பட்டியல்ல எம் பேரு ஒரே ஒரு எடத்துல இருக்கு. "காலை 5.15, வாக்கிங், தாத்தா."

மொதல்ல குளிரப் பத்திப் பேசுவோம். மார்கழி ராத்திரியில சென்னையில 20, 21 டிகிரி. அதுக்குக் கீழ எறங்குதது அபூர்வம். சன்னலைத் தொறந்தா அந்தக் காத்து காசில்லாம உள்ள வரும். இங்க என்ன நடக்கு? கொசு வருதுன்னு சன்னலைச் சாத்துதாக. சாத்துனா புழுங்குதுன்னு ஏசிய 22ல வைக்காக. ஏசி போட்டா தம்பிக்குக் குளிருமேன்னு ஒனக்குச் செவப்புக் கம்பளிச் சட்டை. சட்டை போட்டதும் ஒனக்கு நாக்கு வெளிய வந்துருது. தம்பிக்கு எளைக்குதேன்னு ஏசிய 20க்கு எறக்குதாக. வெளிய 21, உள்ள 20, நடுவுல ஒரு கம்பளிச் சட்டை. அரசாங்கம் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு கரண்டு சும்மா குடுக்கு. ஒஞ் சட்டையக் குளிர வைக்கதுக்கே அது காணாது.

ஒன் ஒடம்புச் சூடு என்னன்னு தெரியுமாலே? 101ல இருந்து 102.5 வரைக்கும் ஒனக்குச் சாதாரணம். எனக்கு 101 வந்தா கஞ்சியும் கம்பளியுமாக் கெடப்பேன். ஒனக்கு ஒடம்பு பூரா முடி, அதுலயும் ஒன் சாதிக்கு மேல ஒரு அடுக்கு, அடியில ஒரு அடுக்கு. வேர்வைன்னு பாத்தா பாதத்துல கொஞ்சம் வரும், அம்புட்டுத்தான். மத்தச் சூடெல்லாம் வாய் வழியாத்தான் வெளிய போகணும். மூக்கு சப்பையாப் பொறந்தவனுக்கு அந்த வழியும் குறுகல். அதனால கோடையில ஒனக்கு ஏசி போடுததுல ஞாயம் உண்டு, நானே ஒத்துக்கிடுதேன். மார்கழியில ஏசிய ஒரு பக்கமும் கம்பளிய ஒரு பக்கமும் நிறுத்திச் சண்டை மூட்டி விடுததுல என்ன ஞாயம் இருக்கு?

இதுக்கு ஒரு வழி சொல்லுதேன். சட்டைய மாட்டுன ஒடனே கடிக்காத, கத்தாத, தரையில உருளாத. உருண்டா "தம்பி டான்ஸ் ஆடுதான்"னு வீடியோ எடுப்பாக. நின்ன எடத்துல நின்னுரு. ஒரு அடி எடுத்து வைக்காத. தலையத் தொங்கப் போடு. கொஞ்ச நேரத்துல மருமக "அய்யோ, தம்பிக்கு என்னமோ பண்ணுது"ன்னு தானே வந்து கழட்டிருவா. எங் கலியாணத்துல கோட்டு மாட்டி விட்டப்ப நானும் இதத்தான் பண்ணேன்.

அடுத்தது விடியக்காலம். இந்த வீட்டுல அஞ்சு மணிக்கு முழிக்கது நீயும் நானுந்தான். ரெண்டு பேருக்கும் காரணம் ஒண்ணுதான், அத விடு. தெருவுல எறங்குனா கோயில்ல திருப்பாவை ஓடிக்கிட்டிருக்கும். வாசல்ல கோலம் போட்டு, சாணி உருண்டையில பூசணிப்பூவச் சொருகி வச்சிருப்பாக. அங்க போயிக் காலத் தூக்காத. அந்தத் தாயி பனியில எந்திரிச்சு வந்து புள்ளி வச்சது நீ எல்லை அளக்கதுக்கு இல்ல. ஒனக்குன்னு கரண்டுக் கம்பம் இருக்கு, கார் டயர் இருக்கு. அந்தக் கார் நம்ம வீட்டுக் காரா இருந்தா எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் கெடையாது. மகன் குனிஞ்சு நிமிந்து கழுவட்டும், ஒடம்புக்கு நல்லது.

நீ முன்னால போற. நான் பின்னால பையத் தூக்கிக்கிட்டு வாரேன். பேரன் போட்டதப் பாட்டன் பொறுக்கணுங்கது இந்த அடுக்குமாடிச் சட்டம். ஆயுசு பூரா எரு அள்ளுன கைதாம்லே இது, எனக்கு அருவருப்பு இல்ல. ஆனா ஆட்டாம் புழுக்கையும் மாட்டுச் சாணியும் காட்டுக்குப் போயி கம்பா வெளஞ்சு வந்துச்சு. ஒன்னோடத அள்ளிப் பாலிதீன்ல முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டியில போடுதோம். இம்புட்டுக் கோழிக்கறி தின்னும் ஒன்னால மண்ணுக்கு ஒரு பிரயோசனம் இல்ல.

மோந்து பாக்க மட்டும் நல்லா நேரம் எடுத்துக்கோ. ஒரு கம்பத்த மோந்தா எவன் வந்தான், எப்ப வந்தான், ஆணா பொண்ணா, ஒடம்பு எப்படின்னு ஒனக்குத் தெரிஞ்சிரும். மகன் கூட்டிக்கிட்டுப் போனா ஒரு கையில வாரு, ஒரு கையில போனு. நீ மூக்க வைக்கு முந்தி இழுத்துருவான். நான் இழுக்க மாட்டேன். கம்பத்துக்குக் கம்பம் நின்னு மூச்சு வாங்க வேண்டிய வயசு எனக்கு. மோந்து பாக்கதுக்கு ஒனக்கும், மூச்சு வாங்குததுக்கு எனக்கும் கணக்கு சரியாப் போகும்.

முக்குல தெரு நாய்க நாலஞ்சு படுத்திருக்கும். ஒன்னையும் பாக்கும், ஒஞ் சட்டையையும் பாக்கும். பயப்படாத. காதுல ஒரு வெட்டு இருக்கு பாரு, கருத்தடை பண்ணி விட்டாச்சுங்கதுக்கு அடையாளம். லேசுப்பட்டவனுகன்னு நெனைக்காத. 2025 ஆகஸ்ட்ல இவனுக கேசு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. டெல்லியில தெரு நாயெல்லாம் பிடிச்சு அடைங்கன்னு மொதல்ல உத்தரவு போட்டாக. ரெண்டு வாரம் முடியு முந்தி, கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச எடத்துலயே விடுங்க, வெறி பிடிச்சதையும் கடிக்கதையும் மட்டும் விடாதீகன்னு மாத்துனாக. அவனுக கேசு டெல்லி வரைக்கும் போயிருக்கு. ஒன் கேசு முடி வெட்டுத பார்லர் வரைக்குந்தான் போயிருக்கு. மார்கழி மாசத்துல நாய்ப் பொழப்பு எப்படி இருக்கும்னு நான் ஒனக்குச் சொல்லலாம்தான். ஒனக்கும் ஆபரேசன் முடிஞ்சு போச்சே, சொல்லி ஏன் மனசக் கெடுக்கணும்?

ஆனா ஒண்ணு, அந்த வெறிநாய்க் கடி ஊசிய மட்டும் வருசா வருசம் தவறாமப் போட்டுக்கோ. ஊசிக்கு ஓடி ஒளியாத. அந்தச் சீக்கு வந்துட்டா நாய்க்கும் வைத்தியமில்ல, மனுசனுக்கும் வைத்தியமில்ல. பாஸ்டர் அதுக்கு 1885ல ஊசி கண்டுபிடிச்சாரு. நம்ம குன்னூர்ல அவர் பேர்லயே 1907ல இருந்து ஒரு நிலையம் இருக்கு. மாநகராட்சி லைசென்சு வாங்குததுக்கும் அந்த ஊசிச் சீட்டத்தான் கேக்காக. எனக்கு ரேசன் கார்டு, ஒனக்கு லைசென்சு. ஒன்னோடதுல போட்டோ நல்லா விழுந்திருக்கு.

எங்க பக்கத்துல மார்கழி எப்படித் தெரியுமாலே? கோவில்பட்டி கரிசக்காடு. ஐப்பசி மழைக்கு வெதச்ச உளுந்தும் பாசியும் சோளமும் காட்டுல நிக்குத நேரம். ராத்திரியானா காட்டுப்பன்னி எறங்கும். அப்ப நாய்க்குத்தான் வேலை. எங்க வீட்டுல ஒரு கன்னி கெடந்துச்சு. கறுத்த ஒடம்பு, கண்ணுக்கு மேல ரெண்டு செவலைப் பொட்டு. காலையில கம்பங்கூழு, ராத்திரி என்ன மிச்சமோ அது. துண்ட உதறுனா தண்ணி தெறிக்குத பனியில அது காட்டச் சுத்தி வரும். சட்டை, தொப்பி எதுவும் கெடையாது. படுக்கணும்னா ஒரு கிழிஞ்ச சாக்கு. முன்ன காலத்துல அதுக்கும் சிப்பிப்பாறை நாய்க்கும் முயல் வெரட்டுததுதான் தொழில். பெறகு வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டைய நிப்பாட்டுச்சு. முயலுக்கு விடிஞ்சுது, நாய்க்கு உத்தியோகம் போச்சு. காவல் மட்டும் மிஞ்சுச்சு.

நான் சும்மா ஊர்ப் பெருமை அடிக்கேன்னு நெனைக்காத. எங்களுக்குப் பக்கத்து ராஜபாளையத்து நாய்க்கு 2005 சனவரி 9ல இந்தியத் தபால் துறை தபால்தலை போட்டுச்சு. 2020 ஆகஸ்ட்ல பிரதமரே ரேடியோவுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேரு சொல்லி, நாட்டு நாயி வளங்கன்னாரு. இந்தச் சென்னையிலயே சைதாப்பேட்டையில ஒரு காலத்துல அரசாங்கம் பண்ணை வச்சு அந்தச் சாதிகளப் பெருக்குச்சு. மகன்கிட்டச் சொன்னேன். "அப்பா, அதுக்கு ஓடுததுக்கு எடம் வேணும்ப்பா, ஃபிளாட்டுக்கு ஆகாது"ன்னான். வாஸ்தவம். ஓடுத நாய்க்கு ஃபிளாட்டு ஆகாது. ஓடாத மனுசனுக்குத்தான் அது ஆகும்.

இன்னொரு சங்கதி. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல்லு நிக்கு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லு, 1,400 வருசம் ஆச்சு. களவு நடந்தப்ப சண்டை போட்டுச் செத்த ஒரு வீரனுக்கு நட்டது. அதுல அந்த வீரன் பக்கத்துலயே அவன் நாயையும் செதுக்கியிருக்கு. பேரு கோவிவன். ரெண்டு கள்ளன்மாரக் கடிச்சு, எசமானனக் காத்து நின்னுச்சுன்னு கல்லுலயே எழுதியிருக்கு. ஒனக்கும் இன்ஸ்டாகிராம்ல ஒரு கணக்கு இருக்கு. தெனமும் ஒரு போட்டோ. கூரியர்க்காரன் வந்தா நீ அவன் காலைக் கடிக்காம நக்குததத்தான் நேத்துப் போட்டிருந்தாக. கோவிவன் பேரு 1,400 வருசம் நின்னுருக்கு. நீ நக்குனது நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிக்கும்.

உள்ளதச் சொல்லணும்னா ஒன் மேல தப்பில்ல. ஒன் சாதி சீனத்து அரண்மனையில வளந்தது. ராசா வீட்டு மடியில ஒக்காந்து, பட்டுத் துணியில முடியப் பரப்பிக்கிட்டு, அழகாக் கொட்டாவி விடுததுதான் ஒனக்குக் கொடுத்த உத்தியோகம். நீ குலத்தொழில விடாமப் பாக்கே. ராசா மட்டும்தான் இப்ப மாசத் தவணை கட்டுதான்.

சரி, கிறிஸ்துமஸ் வருது. அதுக்கு முந்துன வாரம் ஒன்னையப் பார்லருக்குக் கூட்டிட்டுப் போவாக. குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டி, காது கொடஞ்சு, சூடு காத்து அடிச்சு, உச்சந்தலையில ஒரு குடுமியும் போட்டு அனுப்புவாக. எங்க ஊர்ல முதியோர் பென்சன் மாசம் 1,200 ரூவா. அத வச்சு ஒனக்கு முன்னங்காலு நகம் வரைக்கும் வரலாம். நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டுல வச்ச கதைன்னு எங்க ஆளுக கேலிக்குச் சொன்னத, இந்தப் பட்டணத்துல ரசீது போட்டுச் செய்யுதாக. நீ வாயப் பொத்திக்கிட்டு நில்லு. நகம் வெட்டுததும் காது தொடைக்கதும் நல்லதுக்குத்தான். மழை ஓஞ்ச காலம், உண்ணி ஒட்டியிருந்தா அங்கதான் பாப்பாக.

அது முடிஞ்சதும் தலையில ரெண்டு துணிக் கொம்பு வைப்பாக. கலைமானாம். பேத்தி ஒன்னைய அப்படி நிறுத்தி, செயற்கை மரத்துக்குக் கீழ படம் எடுப்பா. பொறுத்துக்கோ, படம் எடுத்ததும் கழட்டிருவாக. நீ கவனமா இருக்க வேண்டியது அதுக்குப் பெறகு வருத கேக்குலதான். மேல் வீட்டுக்காரவுக பிளம் கேக்கு குடுத்து விடுவாக. ஒங்கண்ணு அதுலதான் இருக்கும். வேண்டாம்லே. அதுல கெடக்குத ஒலந்த திராட்சை ஒனக்கு வெசம். கிட்னியக் கெடுத்துரும். ஒரு நாய்க்கு எம்புட்டு தின்னா ஆபத்துன்னு அளவே சொல்ல முடியாது, ஒரு பிடியும் போதும். சாக்லேட்டும் அப்படித்தான், கறுப்புச் சாக்லேட்டு ரொம்ப மோசம். அதுல உள்ள சரக்கு எங்க ஒடம்புல வேகமா எறங்கிரும், ஒன் ஒடம்புல எறங்காமத் தங்கி நெஞ்சப் படபடக்க வைக்கும். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம்னு சில பண்டத்துல சைலிட்டால்னு ஒண்ணு போடுவான். அது ஒன் ரத்தத்துல சர்க்கரையத் திடீர்னு எறக்கி ஆளையே சாச்சிரும். வெங்காயம், பூண்டு ரத்தத்தக் கெடுக்கும், அதனால பரோட்டா சால்னாவும் ஒனக்கு ஆகாது. தெரியாமத் தின்னு தொலச்சிட்டேன்னா ஒளிஞ்சிக்கிடாத. வேகமா டாக்டர்கிட்டப் போனாத்தான் பொழைப்பே. நான் கோவில்பட்டியில இருந்து கொண்டாந்த கடலை மிட்டாய் டப்பாவையும் பாக்காத. 2020ல புவிசார் குறியீடு வாங்குன பண்டம் அது. ஒனக்கு ஏற்கெனவே இருக்குத தொந்திக்கு வெல்லம் ஆகாது. எனக்குச் சர்க்கரைங்கிறது வேற கதை. அத நீ மருமககிட்டச் சொல்லாம இருந்தாச் சரி.

டிசம்பர் 31 ராத்திரிதான் ஒனக்குச் சோதனை. மகனும் மருமகளும் பேத்தியும் கிளம்பிப் போயிருவாக. போகும்போது எங்கிட்ட "அப்பா, தம்பியப் பாத்துக்கோங்க"ம்பான். ஒங்கிட்டக் குனிஞ்சு "தாத்தாவப் பாத்துக்கோடா"ம்பான். யாரு காவல், யாரு சரக்குன்னு தெரியாம நாம ரெண்டு பேரும் முழிப்போம். 12 மணிக்கு வெடி வெடிக்கும். மனுசக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைக்குந்தான் எட்டும், ஒனக்கு 45,000 வரைக்கும் எட்டும். எங்களுக்கு வேடிக்கையா இருக்கது ஒனக்கு உச்சி மண்டையில எறங்கும். இதுல கேலி பண்ண நான் வரல.

அன்னைக்குச் செய்ய வேண்டியதக் கேட்டுக்கோ. பொழுது எறங்கு முந்தியே வெளிய போயிட்டு வந்துருவோம். சாப்பாட்டையும் சீக்கிரம் முடிச்சிருவோம். கழுத்துப் பட்டையில போன் நம்பர் இருக்கான்னு நான் பாத்துருதேன், வெடிக்குப் பயந்து ஓடிக் காணாமப் போற நாயி உண்டு. சன்னலைச் சாத்தி, ஃபேன ஓட விட்டு, டிவியில எதையாவது சத்தமா வச்சிருதேன். பட்டிமன்றம் ஓடும், வெடிச் சத்தம் அதத் தாண்டி வாரது சிரமம். நீ கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கோ. யாரும் ஒன்னைய வெளிய இழுக்க மாட்டாக. நான் பக்கத்துல தரையில ஒக்காந்துக்கிடுதேன். எனக்குக் காது மந்தம். வெடிச்சு முடிஞ்சிருச்சான்னு நீதான் எனக்குச் சொல்லணும்.

பொங்கல் வருதுல்ல. அதுக்கு மொத நாளு போகி. எங்க பக்கம் சிறுபீளையும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் கட்டிக் காப்புக் கட்டுததோட சரி. இங்க விடியு முந்தியே பழசெல்லாம் எரிச்சு, மேளம் வேற கொட்டுதானுக. பொகை தரையோட தரையா நிக்கும். ஒன் மூக்கும் தரையோட தரையாத்தான் இருக்கு. அன்னைக்கு வாக்கிங்க வெயில் வந்த பெறகு வச்சுக்குவோம். பட்டியல் கோவிச்சுக்கிடாது.

பொங்கலன்னைக்கு ஒனக்கு வேட்டி சட்டை எடுத்திருக்கா மருமக. நாலு காலுக்கு ரெண்டு காலு வேட்டி. எனக்குக் கரை வேட்டி, மகனுக்கு ஒட்டிக்கோ வேட்டி, ஒனக்கு எலாஸ்டிக் வேட்டி. மூணு தலைமொறையும் வரிசையா நின்னு போட்டோ. இதுல அவுராம நிக்கது ஒன்னோடதாத்தான் இருக்கும். சர்க்கரைப் பொங்கல் வாசம் வந்து ஒன்னைய இழுக்கும். அதுலயும் ஒலந்த திராட்சை கெடக்கு, மறந்துராத. கிறிஸ்துமஸுக்குத் தப்பிச்சுப் பொங்கலுக்கு மாட்டாத. கரும்புச் சக்கை தரையில கெடந்தா மெல்லாத, தொண்டையில சிக்கும். வெறும் பச்சரிசிச் சோறு ரெண்டு உருண்டை நான் தாரேன், பண்டிகைக்கு அது போதும்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். கொம்புக்குப் பெயிண்டு, கழுத்துக்கு மாலைன்னு டிவியில பாத்துட்டு, "தாத்தா, தம்பிக்கு மட்டும் ஏன் பொங்கல் இல்ல?"ன்னு பேத்தி கேப்பா. நேபாளத்துல நாய்க்குன்னே ஒரு நாளு உண்டு. தீபாவளியச் சுத்தி வருத திகார் பண்டிகையில, குகுர் திகார்னு பேரு. தெரு நாயி வீட்டு நாயி எல்லாத்துக்கும் மாலை போட்டு, நெத்தியில பொட்டு வச்சு, சோறு போடுவாக. நம்ம ஊர்லயும் பைரவருக்கு வாகனம் நீதான். அதனால கேட்டதுல தப்பில்ல. ஆனா பேத்திகிட்ட நான் சொல்லப் போறது இதுதான்: மாடு வருசம் பூரா வேலை பாத்துச்சு, ஒரு நாளு பொங்கல். ஒன் தம்பிக்கு வருசம் பூரா பொங்கல், ஒரு நாளாவது வேலை பாக்கச் சொல்லு.

காணும் பொங்கலுக்கு மகன் பிரியாணி வாங்கியாருவான். வெந்த எலும்பத் தொடாத. பச்சை எலும்பு வேற, வெந்தது வேற. வெந்தது சில்லுச் சில்லா ஒடஞ்சு கொடலக் கிழிச்சிரும். நான் சொல்லி நீ கேக்கலேன்னா மறுநாளு ஒன்னையத் தூக்கிக்கிட்டு வேப்பேரிக்குத்தான் ஓடணும். 1903ல ஆரம்பிச்ச கால்நடைக் கல்லூரி அங்கதான் இருக்கு. ஒரு காலத்துல மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் படிச்ச எடத்துல இப்ப ஒன்னைய மடியில வச்சுக்கிட்டு வரிசையில நிக்காக. பக்கத்துல நிக்குத நாயும் பிரியாணிக் கேசாத்தான் இருக்கும்.

இது அம்புட்டும் முடிஞ்சா என்ன ஆகும்? தை பொறந்தா வழி பொறக்கும்பாக. அந்த வழியாவே ஆளாளுக்கு ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருவாக. இந்த லீவு பூரா மடி மாறி மடி கெடந்துட்டு, அன்னைக்குக் கதவு சாத்துனதும் நீ ஊளையிடுவே. அதுக்கு இப்பவே பழகிக்கோ. தெனமும் கொஞ்ச நேரம் தனியா அந்த ரூம்ல படு. கதவுக்கு அந்தப் பக்கம் போனவுக திரும்பி வருவாகங்கத ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பாத்து வச்சுக்கோ. நானும் அப்படிப் பழகுனவந்தான்.

ஒனக்கு வேலையில்லன்னு இம்புட்டு நேரம் கேலி பண்ணுதேன். நெசத்துல இந்த வீட்டுல ஒரு பெரிய வேலை ஒங்கிட்டத்தான் இருக்கு. சாயங்காலம் மகன் உள்ள வந்து லேப்டாப்பத் தொறக்கு முந்தி, நீ வாரைக் கவ்விக்கிட்டு வாசல்ல நிக்கே பாரு, அதுதான். டாக்டர் நடன்னாரு, நடக்கல. நான் நடன்னேன், நடக்கல. நீ ஒரு பார்வை பாத்தே, செருப்ப மாட்டிக்கிட்டு எறங்குதான். மருமகளும் பேத்தியும் மணிக்கணக்கா ஆளுக்கொரு போனப் பாத்துக்கிட்டிருப்பாக. நீ நடுவுல போயி மல்லாந்து படுத்ததும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிக்காக. பன்னி வெரட்டுத வேலையவிட இது லேசு இல்ல. அந்த வேலையச் சட்டைக்கும் கேக்குக்கும் வித்துராத. தின்னு தின்னு குண்டாயி நீ மடிய விட்டு எறங்க மாட்டாமப் போனேன்னா, அவனும் சோபாவ விட்டு எறங்க மாட்டான். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஃபிரிட்ஜுல மருந்துப் பட்டியல் ஒட்ட வேண்டியதுதான்.

இம்புட்டுப் புத்தி சொன்னேன். நீ ஒண்ணுக்கும் மறுத்துப் பேசல. வால மட்டும் ஆட்டுதே. அங்கதாம்லே நீ என்னையவிடக் கெட்டிக்காரன். நான் வந்ததுல இருந்து சாம்பார்ல புளி பத்தலைன்னேன், ஏசி எதுக்குன்னேன், லைட்ட அணைங்கன்னேன், போன வைங்கன்னேன். எனக்கு மோர்ச்சோறும் ஊறுகாயும். நீ இந்த வீட்டுல இதுவரைக்கும் ஒரு குத்தம் சொன்னதில்ல. ஒனக்கு வேக வச்ச கோழி. நாளைக்கு மத்தியானம் மருமக தட்டு வைக்கும்போது நானும் வாயத் தொறக்கப் போறதில்ல. வால் இல்லாத கொறைக்குத் தலைய ஆட்டிப் பாக்கேன். கோழி வந்துச்சுன்னா ஆளுக்குப் பாதி. கறி ஒனக்கு, எலும்பு எனக்கு. ஒனக்குத்தான் எலும்பு ஆகாதே, இப்பத்தான சொன்னேன்.